குழாயில் வருவது ஆறா, போரா?

போன மாதம் ஒரு ராத்திரி தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணியே குடுக்கலாமா, இல்ல கேன் போட்டுரலாமா? இவங்க மிஷினே வாங்கிரலாம்னு சொல்றாங்க." பாப்பாவுக்கு இரண்டரை வயது. தங்கை வாழ்க்கைப்பட்டது பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில். வேறு மாவட்டத்திலிருந்து யாராவது இதைக் கேட்டிருந்தால் "கொதிக்க வெச்சு ஆத்திக் குடு" என்று ஒரே வரியில் சொல்லி வைத்திருப்பேன். தர்மபுரியில் அந்த ஒரு வரி போதாது. சில வீடுகளில் அது கெடுதலாகவும் முடியும்.

காரணம் எங்கள் இருவர் வாயிலேயே இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். காரிமங்கலம் பக்கம் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் சின்ன வயதில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒழுங்காகப் பல் விளக்காததால் வந்த கறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கரி, செங்கல் தூள், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். போகாது. அது பல்லின் மேல் ஒட்டிய கறை இல்லை, பல் ஈறுக்குள் உருவாகும்போதே, குடித்த தண்ணீரில் அளவுக்கு மீறி இருந்த ஃப்ளோரைடு என்ற உப்பு எனாமலில் போட்ட தழும்பு. கல்லூரிக்குச் சேலம் போனபோதுதான் எல்லா ஊரிலும் பற்கள் இப்படி இருப்பதில்லை என்று கண்ணால் பார்த்தேன். கல்யாண போட்டோக்களில் தங்கை உதட்டை மூடியே சிரித்திருக்கிறாள்.

இந்த மண்ணுக்குக் கீழே இருப்பது பழைய கடினப் பாறை. கிரானைட், நைஸ் வகைப் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்ப்ளெண்ட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு கலந்திருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தேங்கி நிற்கும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து பைகார்பனேட் கூடினால் இன்னும் எளிதாகக் கரையும். கிணறு வற்ற வற்ற நாம் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை, இன்னும் ஆழமாக இறக்கினோம், பாறையோடு அதிக நாள் உறவாடிய தண்ணீரைத் தேடிப் போய் எடுத்தோம். இந்தியாவில் ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு மிஞ்சுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு, முதன்முதலில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். தெரிந்து இத்தனை காலமாகியும் எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தோம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். அதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல் பாதிக்கும். பல வருஷம் தொடர்ந்து அதிக அளவு உள்ளே போனால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கி, முதுகும் கழுத்தும் இறுகிப்போகும். ஃப்ளோரைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, நாக்குக்குத் தெரிகிற ருசியும் இல்லை. எங்கள் ஊர் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கோடையில் ஒரு சொம்பு குடித்தால் வயிறு குளிரும். அதைத்தான் "நல்ல தண்ணி" என்று நம்பினோம்.

ஆகவே தங்கையின் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். குழாயா கேனா என்பது இரண்டாவது கேள்வி. "உங்க ஊர்க் குழாயில வர்றது ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?"

"ரெண்டும் வருதுக்கா. ஒரு நாள் ப்ளீச்சிங் வாசம் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது."

பெரும்பாலான வீடுகளில் பதில் இதுதான். எங்கள் அப்பா ஊராட்சியில் இருபது வருஷத்துக்கு மேல் டேங்க் ஆப்பரேட்டராக இருந்தவர் என்பதால் இதன் உள்கதை எனக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் சேர்த்துப் போட்ட திட்டம். ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது அதன் முழுப் பெயரிலேயே இருக்கிறது. காவிரி ஓடும் தண்ணீர், பாறைக்குள் அடைந்து கிடந்தது இல்லை. அதில் ஃப்ளோரைடு குறைவு. அதைச் சுத்திகரித்து, குளோரின் போட்டு, மேடேற்றி ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

ஊருக்கு வந்த பிறகு நடப்பதுதான் சிக்கல். பல ஊர்களில் ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் பழைய போர் குழாயும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் போய் விழுகின்றன. ஆற்றுத் தண்ணீர் தொட்டியை நிரப்பாத நாளில் அப்பா மோட்டாரைப் போட்டு மீதியை நிரப்புவார். "மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறலன்னா குடத்தத் தூக்கிட்டு நம்ம வீட்டு வாசலுக்குத்தானே வருவாங்க" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் முன்னால் நின்றது காலிக் குடம், ஃப்ளோரைடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் கலப்பின் கணக்கு இரக்கமில்லாதது. ஆற்றுத் தண்ணீரில் 0.3, போர் தண்ணீரில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. எல்லை தாண்டிவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து மலை தாண்டிக் கொண்டுவந்த தண்ணீரின் பலன் ஊர்த் தொட்டியில் கரைந்துபோகிறது.

இனி ஒப்பிடலாம். ஆற்றுத் தண்ணீர் மட்டும் வரும் குழாயையும் கேனையும் பக்கத்தில் வைத்தால், நான் குழாய்ப் பக்கம்தான் நிற்பேன். ஃப்ளோரைடு கவலை இல்லை. மிச்சமிருக்கும் கவலை கிருமி. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் சாக்கடைக் கசிவு விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படலாம். தொட்டி கழுவாமல் கிடக்கலாம். அதற்காகத்தான் குளோரின். வீட்டுக் குழாய் வரை வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பலருக்கு அந்த வாசம் பிடிப்பதில்லை. "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று கீழே ஊற்றிவிட்டுப் போர் தண்ணீரைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பதறுகிறது. அகலமான பாத்திரத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தாலே வாசம் பறந்துவிடும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறவைத்து, மூடி வைத்துக் குடித்தால் கிருமிக் கவலையும் தீர்ந்தது. ஊர்த் தொட்டியின் தூணில் கடைசியாகக் கழுவிய தேதி எழுதியிருக்கிறார்களா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் ஊராட்சியில் கேளுங்கள். கேட்டால்தான் கழுவுவார்கள் என்று ஆப்பரேட்டரின் மகளாகவே சொல்கிறேன்.

ஓசூரில் இருக்கும் உறவினர்கள் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையின் வீடியோவை அனுப்பி, "இதத்தானே குழாயில விடறாங்க" என்று பயப்படுவதுண்டு. அது பெங்களூரு கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை. ஒகேனக்கல் குழாயில் வருவது காவிரி. அந்த நுரை பற்றிக் கோபப்பட வேண்டியது நியாயம்தான், ஆனால் அதைக் காரணம் காட்டி ஒகேனக்கல் தண்ணீரைத் தள்ளிவைக்க வேண்டாம்.

போர் தண்ணீர் வரும் குழாய் என்றால் கதை தலைகீழ். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி மாதிரி வைத்த பழைய ஃபில்டர், யு.வி. விளக்கு, வெள்ளைத்துணி, செப்புக் குடம், எதற்கும் ஃப்ளோரைடு அசையாது. செப்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்தால் கிருமி குறையும் என்பது உண்மை, தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும் என்பதும் உண்மை. பாட்டிகள் சொன்னது கலங்கலுக்கும் வயிற்றுப்போக்குக்குமான மருந்து. பாறையில் கரைந்து வந்ததற்கு அவர்களிடமும் மருந்து இல்லை. இந்த வீடுகளில் கேனோ, தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. மிஷினோ குழாயைவிடப் பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, குறிப்பாக எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால். நிலைப்பற்களின் எனாமல் உருவாகிற வயது அது. அந்தக் காலம் கடந்துவிட்டால் விழுந்த கோடு விழுந்ததுதான்.

ஆனால் கேன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் பக்கத்துப் போரிலிருந்துதான். அதே பாறை, அதே தண்ணீர், நடுவில் ஒரு ஆர்.ஓ. சவ்வு. சவ்வு நன்றாக இருந்தால் ஃப்ளோரைடில் பெரும்பகுதி நின்றுவிடும். காலத்தில் மாற்றாமல் ஓட்டினால் வெறும் போர் தண்ணீருக்கு நீலக் கேனில் விலை கொடுக்கிறோம். பாக்கெட், பாட்டில், கேன் தண்ணீருக்குத் தனித் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 14543. இதில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல வருஷம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது என்றிருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் நவம்பர் கடைசியில், அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, வருஷா வருஷம் ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். அதனால் இப்போது கேனில் நாம் தேட வேண்டியது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, பேட்ச் எண், நிறுவனத்தின் முழு முகவரி. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

தங்கை வீட்டுக்குப் போனபோது சமையலறையில் இருந்த கேனைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து, எண் எதுவும் படிக்க முடியவில்லை. வாய்க்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் சீல் கை வைத்ததும் கழன்றது. அடியில் மெல்லிய பச்சை. வெயிலில் கேனை அடுக்கி வைத்தால் பாசி பிடிக்கும், பாசி பிடித்த கேனைச் சும்மா அலசி நிரப்பினால் இப்படித்தான் வரும். ஃப்ளோரைடுக்குப் பயந்து கேனுக்கு மாறிய வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன லாபம்? கேன்காரத் தம்பி நல்ல பையன், "அக்கா, நான் வண்டிதான் ஓட்டறேன், பிளாண்டப் பத்தி எனக்குத் தெரியாதுங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகப் பிளாண்டுக்கே போய் உரிமத்தையும் கடைசிப் பரிசோதனை அறிக்கையையும் காட்டச் சொல்லுங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். போனார். காட்டவில்லை. வேறு பிளாண்டுக்கு மாறினார்கள். அங்கே அறிக்கையைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பாட்டிலை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அது விற்கும் விலைக்குத் தினசரிக்கு யாருக்கும் கட்டாது. பஸ் ஸ்டாண்டிலும் பயணத்திலும் வாங்கலாம், வெயிலில் வண்டிக்குள் போட்டு வைக்காமல் குடித்து முடிக்கலாம், அவ்வளவுதான். 2024 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நாட்டுப் பாட்டில் தண்ணீரை ஆராய்ந்து, ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள், அவற்றில் பத்துக்கு ஒன்பது நுண்ணோக்கிக்கும் எளிதில் சிக்காத அளவு சிறியவை என்று எழுதினார்கள். அவை உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பாட்டில் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையை விடுவதற்கு இது போதும்.

மிஷின் விற்க வந்தவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டு "பாருங்க, அறுநூறு!" என்றார். அந்த மீட்டர் காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 300 காட்டும் தண்ணீரில் ஃப்ளோரைடு எல்லை தாண்டியிருக்கலாம், 800 காட்டுவதில் குறைவாக இருக்கலாம். ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்ஸை 500க்குள் வைக்கச் சொன்னாலும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. அதன் பிறகு இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகத் திரண்டது, மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் செம்பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு கரைந்து துருவாக வந்தது. உப்பு மிகக் குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நின்றது. இப்படிப் பயமுறுத்தி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இந்த ஊரில் மிஷின் உண்மையிலேயே தேவைப்படும் வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மையான காரணமும் இருக்கிறது.

ஆர்.ஓ. ஃப்ளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும். அதை மறுக்க முடியாது. கூடவே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும், தள்ளும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் கெட்டியாக இருக்கும். அதைப் பாத்திரம் கழுவ, வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். கோழிக்கும் மாட்டுக்கும் வைக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு இந்த மிஷின் வீண் செலவு.

செலவு என்றால் எங்கள் பக்கத்து விலையில் சொல்கிறேன். கேன் 35 ரூபாய். நாலு பேர் குடிக்க மட்டும் என்றால் இரண்டு நாளைக்கு ஒரு கேன், மாதம் 525 ரூபாய். குடிக்கவும் சமைக்கவும் என்றால் தினம் ஒன்று, மாதம் 1,050, வருஷத்துக்கு 12,775. கிட்டத்தட்ட அந்தப் பணத்துக்கு ஒரு மிஷின் வந்துவிடும், அதற்கப்புறம் வருஷா வருஷம் ஃபில்டர் மாற்றுகிற செலவு. பல ஊர்களில் ஊராட்சியோ வேறு யாரோ வைத்த, காசு போட்டால் 20 லிட்டர் விடும் ஆர்.ஓ. நிலையங்கள் இருக்கின்றன. விலை கேனைவிடக் குறைவுதான். ஆனால் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இந்தக் கணக்கில் "சமைக்கவும்" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். கேன் வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் குடிக்க மட்டுமே கேன். களி கிண்டுவது, சோறு பொங்குவது, பருப்பு வேகவைப்பது, டீ போடுவது எல்லாம் போர் தண்ணீரில். நம் ஊர்ச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். வடித்த சோற்றில் கொஞ்சம் ஃப்ளோரைடாவது கஞ்சியோடு போய்விடும். களியில் ஊற்றிய தண்ணீர் முழுக்க ராகி மாவுக்குள் இறங்கிவிடுகிறது, குக்கர் சோற்றிலும் அப்படித்தான். குழந்தைக்குக் காய்ச்சும் ராகிக் கஞ்சியும் அதே. டீத்தூளில் இயற்கையாகவே ஃப்ளோரைடு உண்டு, போர் தண்ணீரில் போட்ட டீயில் இரண்டும் சேரும். குடிக்க மட்டும் கேன் வாங்கினால் ஃப்ளோரைடில் ஒரு பங்கை வாசலில் நிறுத்திவிட்டு இன்னொரு பங்கை அடுப்படி வழியாக விடுகிறோம். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், கால் கழுவவும் துணி துவைக்கவும் போரை வைத்துக்கொண்டு, வாய்க்குள் போகும் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் என்று பிரிப்பதே சரியான சிக்கனம்.

இதையெல்லாம் ஊகத்தில் செய்ய வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கையடக்கப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுப்பது என்று ஏற்பாடு. தங்கை ஊரில் அப்படிப் பயிற்சி பெற்ற ஒரு அம்மா பக்கத்துத் தெருவிலேயே இருந்தார், யாரும் போய்க் கேட்டதே இல்லையாம். ப்ளீச்சிங் வாசம் வந்த நாள் ஒரு பாட்டில், வராத நாள் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனோம். மருந்து விட்டதும் முதல் பாட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. இரண்டாவது மஞ்சளுக்குப் போனது. ஃப்ளோரைடு ஏற ஏற அந்தச் சிவப்பு மஞ்சளாகும். "ரெண்டும் ஒரே குழாயா?" என்று அந்த அம்மாவே இரண்டு முறை கேட்டார்.

அதற்குப் பிறகு தங்கை முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மிஷின் வேண்டாம் என்று வைத்தாள். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் மூடி போட்ட மூன்று எவர்சில்வர் குடம் தனியாகப் பிடித்து வைக்கிறாள், குடிக்கவும் உலை வைக்கவும் அதுதான். கொதிக்க வைத்து ஆற்றியதுதான் பாப்பாவுக்கு. இரண்டு நாளுக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் வராவிட்டால் புதுப் பிளாண்டிலிருந்து கேன், சமையலுக்கும் அதே கேன். வாசம் தெரியாத நாள் எந்தத் தண்ணீர் என்று ஆப்பரேட்டருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். முதலில் எரிச்சல்பட்டவர் இப்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே "ஆறு" அல்லது "போர்" என்று ஒற்றைச் சொல் போடுகிறாராம். குடிக்கும் தண்ணீருக்கென்று ஆற்றுக் குழாயை மட்டும் தனித் தொட்டியில் விட வேண்டும் என்று ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள், நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு. பதில் இன்னும் வரவில்லை.

மாமியார் மட்டும் ஆற்றுத் தண்ணீரில் களிக்குப் பதம் வரவில்லை என்கிறார். அறுபது வருஷம் போர் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கிண்டிய கை, அதோடு சண்டை போட முடியாது. இப்போதைக்குப் பாப்பாவின் களி தனிச் சட்டியில் வேகிறது.